பாதிப் பாட்டில் எழுந்தவர்

இரண்டாவது பாட்டின் பாதியில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த கணவர் எழுந்து வெளியே போனார்.

சத்தமில்லாமல் நழுவியிருந்தாலும் பரவாயில்லை. நாற்காலி கிறீச்சிட, "கொஞ்சம் வழி விடுங்க" என்று நாலு பேர் முழங்காலை இடித்துக்கொண்டு, ஹாலுக்கே தெரியும்படி போனார்.

மேடையில் பாடிக்கொண்டிருந்த மனைவிக்குச் சுருக்கென்றது.

பதினெட்டு வருஷமாக அவள் சாஸ்திரிய சங்கீதப் பாடகி. அத்தனை வருஷமும் பக்கத்தில் உட்கார்ந்து மிருதங்கம் வாசித்தவர் அவர்தான். நாற்பத்து நாலு வயதில் அவளுக்கு ஜாஸ் பித்து பிடித்தது. பல் டாக்டரிடம் காத்திருந்தபோது சுவர் ஸ்பீக்கரில் யாரோ ஒருத்தி சோம்பல் முறித்துக்கொண்டே பாடுவதுபோலப் பாடினாள். அப்புறம் டாக்டர் எந்தப் பல்லைப் பிடுங்கினார் என்றுகூட இவளுக்கு ஞாபகமில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் கேட்டது ஒரே கேள்வி.

"அதுல எனக்கு வேலை இருக்கா?"

"இல்லைங்க. அவங்ககிட்ட டிரம்ஸ் இருக்கு."

"ம்."

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது.

ஆறு மாசம் ஒத்திகை. பியானோக்காரர் முதல் நாளே தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மேடம், நீங்க ரொம்ப ஒழுங்கா பாடுறீங்க. அதான் பிரச்சினை."

"ஒழுங்கா பாடுறது பிரச்சினையா?"

"அடி விழற இடத்துல டாண்ணு வந்து நிக்கிறீங்க. இங்க கொஞ்சம் லேட்டா வரணும்."

"எவ்வளவு லேட்டா?"

"கல்யாணத்துக்கு மாப்பிள்ளையோட மாமா வர்ற மாதிரி. எப்படியும் வந்துடுவாரு. ஆனா அவசரமே இருக்காது."

தட்டுத் தடுமாறி ஒத்திகை அறையில் மாமாவை வரவழைத்துவிட்டாள். இன்றைக்கு, ஓட்டல் மாடி ஹாலில், நூற்றைம்பது பேருக்கு முன்னால் முதல் கச்சேரி. மாமாவைக் காணோம். முதல் பாட்டு முடிந்ததும் பியானோக்காரர் குனிந்து, "கடிகாரம் மாதிரி பாடுறீங்க மேடம்" என்றார். பாராட்டு இல்லை என்பது அவளுக்குப் புரிந்தது.

அடுத்த பாட்டில்தான் கணவர் கிளம்பினார்.

அவ்வளவுதான், அவளுக்கு வந்ததே கோபம். போகட்டும். தாளமாவது மண்ணாவது. மிச்சப் பாட்டை இஷ்டத்துக்கு இழுத்தாள், அடியைத் தாண்டவிட்டுப் பின்னால் சாவகாசமாக வந்தாள். பியானோக்காரர் நிமிர்ந்து பார்த்தார், சிரித்தார். மூன்றாவது பாட்டில் ஹாலே கூடச் சேர்ந்து தலையாட்டியது. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

இடைவேளையில் நாத்தனார் ஓடிவந்தாள்.

"என் தம்பிதான், ஆனாலும் சொல்றேன். பொறாமைடி அவனுக்கு. இன்னொருத்தன் வாசிக்க நீ பாடுறதைப் பார்க்க அவனால முடியலை. இந்த ஆம்பளைங்களே இப்படித்தான்."

"எங்க இருக்காரு?"

"சமையல்கட்டுப் பக்கம் போனான்."

சமையலறைக்கு வெளியே காலி காய்கறிக் கூடை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். பின்கதவு திறந்திருந்தது. ஹாலின் பேச்சுச் சத்தம் அங்கே நன்றாகவே கேட்டது.

"பிடிக்கலைன்னா கண்ணை மூடிட்டு உட்கார்ந்திருக்கலாமே" என்றாள். "மத்தவங்க புருஷனெல்லாம் கச்சேரியில கௌரவமா தூங்கலையா?"

அவர், "மூணாவது பாட்டுல, ரெண்டாவது வரியில லேட்டா வந்தியே" என்றார்.

"அதுவும் குத்தமா?"

"அப்பா, என்ன சுகமா வந்துச்சு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"பின்ன எதுக்கு எழுந்து போனீங்க? அத்தனை பேருக்கு முன்னால?"

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த வெங்காயச் சருகைத் தட்டிவிட்டார்.

"மேடை ஏறினதுலருந்து நீ என் கையையே பார்த்துப் பாடிட்டிருந்தே. கையைக் கட்டிக்கிட்டேன், முழங்காலைப் பார்த்தே. காலை அடக்கினேன், தலையைப் பார்த்தே. பதினெட்டு வருஷப் பழக்கம், நான் எதிர்ல இருந்தா நீ தாளத்தை விட்டு இம்மிகூட நகரமாட்டே. அதான், உனக்குத் தெரியற மாதிரி ஆளையே எடுத்துட்டு வந்துட்டேன்."