சிரிக்கப் பழகிய மாப்பிள்ளை

தலையில் ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் கொட்டியதும் கதிரவனுக்குச் சந்தேகமே இல்லை. இது மாதேஷ் மச்சான் வேலைதான்.

பொம்மிடி பஸ்ஸிலிருந்து இறங்கி, மாமியார் ஊர்த் தெருவில் நாலடி வைக்கவில்லை. அதற்குள் வெள்ளைச் சட்டையிலிருந்து செருப்பு வரை எல்லாம் மஞ்சள். எதிரே ஓர் இளைஞன் காலிக் குடத்தோடு வாயைப் பிளந்து நின்றான்.

கதிரவன் பல்லைக் கடித்தான். காலையில் மனைவி சுகுணா போனில் சொன்னது ஞாபகம் வந்தது.

“எங்க பெரியப்பா பையன் மாதேஷ் திருப்பூர்ல இருந்து வர்றான். நம்ம கல்யாணத்துக்குக்கூட வரலியே, அவன்தான். இன்னைக்கு மஞ்சத்தண்ணி வேற. முறைக்காரங்க யாரையும் வுட மாட்டான். போன வருஷம் மாதிரி பண்ணிடாதீங்க.”

போன வருஷம் மாரியம்மன் பண்டிகையில் இதே தெருவில் சுகுணாவின் அண்ணன் முருகேஷ் தண்ணீர் ஊற்றினார். கதிரவன் ஊரே பார்க்க அவரை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டான். அன்றோடு முருகேஷ் பேச்சை நிறுத்திக்கொண்டார். இப்போது குழந்தைக்கு அடுத்த மாதம் காது குத்து. தாய்மாமன் மடிக்கு எங்கே போவது என்று சுகுணா அழாத நாளில்லை.

அழுததோடு நிற்காமல் புருஷனுக்குச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தாள். லேசுப்பட்ட வேலையா அது? கூட்டுறவு வங்கியில் கதிரவனின் கவுண்டரில் மட்டும் எப்போதும் கூட்டம் இருக்காது. “கோவம் வந்தா மொதல்ல பல்லக் காட்டுங்க, சிரிப்பு பின்னாடியே வந்துடும்” என்பாள். சாம்பாரில் உப்பை அள்ளிப் போட்டாள், ஒற்றைச் செருப்பை ஒளித்துவைத்தாள், பைக் சாவியை அரிசி டப்பாவுக்குள் போட்டாள். அவன் சிரிக்கும்வரை விடவில்லை.

கடித்த பல்லைக் கதிரவன் இப்போது காட்டினான். நிஜமாகவே சிரிப்பு பின்னால் வந்தது.

“என்ன மச்சான், வெறும் தண்ணிய ஊத்தறீங்க. சோப்பு யாரு போட்டு வுடறது?”

இளைஞன் திருதிருவென்று விழித்தான். “இல்லீங்க, நான் வந்து...”

“ஒரு பேச்சும் வேணாம்.” குடத்தைப் பிடுங்கிப் பக்கத்து அண்டாவில் மொண்டு அவன் தலையிலேயே கவிழ்த்தான் கதிரவன். “இப்ப ரெண்டு பேரும் ஒரே கலரு. வாங்க, வூட்டுக்குப் போலாம்.”

தோளில் கை போட்டு இழுத்துக்கொண்டு போனான். மஞ்சள் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டு வரும் புருஷனைப் பார்த்துச் சுகுணாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷத்தில்தான்.

வாசல் பந்தலில் முருகேஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதிரவன் அவர் முன்னால் ஒரு குடம் மஞ்சள் தண்ணீரை வைத்துவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

“போன வருஷம் பாதிக் குளியல்ல ஓடிட்டேன் மச்சான். மீதிய ஊத்தி வுடுங்க. காதுக்குப் பின்னாடி கொஞ்சம் நல்லா தேச்சு வுடுங்க.”

முருகேஷுக்கு உதடு துடித்தது. அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. குடத்தைத் தூக்கி முழுசாக ஊற்றிவிட்டு, நனைந்த மாப்பிள்ளையை அப்படியே கட்டிக்கொண்டார்.

“நீங்களா மாப்ள இது? காது குத்துக்கு நான் வராம வேற எவன் வருவான்?”

பந்தலிலேயே இலை போட்டார்கள். களியும் கறிக்குழம்பும். மாமியார் செல்லம்மாள் இளைஞனின் இலையில் கறியை அள்ளி வைத்தார்.

“கூச்சப்படாம சாப்பிடுங்க தம்பி.”

முதல் உருண்டை வரைக்கும்தான் அவனுக்குக் கூச்சம் இருந்தது. இரண்டாவது உருண்டையைத் தானே கேட்டு வாங்கினான். கதிரவனுக்கு மனசு நிறைந்துவிட்டது. மச்சானுக்கு இன்னும் ரெண்டு எலும்பு போடச் சொல்லிச் சுகுணாவுக்குக் கண்ணைக் காட்டினான்.

முருகேஷ் மெல்ல மாப்பிள்ளையின் காதோரம் குனிந்தார்.

“இவரு யாரு மாப்ள, உங்க ஃபிரெண்டா?”