ஆறு கப்பல்கள்

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய அந்த இலவச விண்வெளிப் போர் விளையாட்டுக்கு அவள் மூன்றாவது முறையாக நிறம் மாற்றிக்கொண்டிருந்தாள். இன்று அனுப்பாவிட்டால் பல மாத உழைப்பு புதிய பதிப்பில் சேராது. கண்கள் எரிந்தன. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் ஆறு கப்பல்களும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். சோதித்துப் பார்க்க வீட்டிலேயே ஓர் ஆள் உண்டு.

“ஏங்க, வந்து எண்ணுங்க. தக்காளி வாங்கப் போனா காயா பொறுக்கிட்டு வர்ற கண்ணு, இதுக்காவது உதவட்டும்.”

கணவன் கையைத் துடைத்தபடி வந்து திரையை நோக்கிக் குனிந்தான். “ஏழு.”

“ஆறுதான் வரைஞ்சேன்.”

“ஓரத்துல ஒண்ணு இருக்கும்மா, மங்கலா.”

அவன் விரல் வைத்த இடம் அவளுக்கு வெறும் கறுப்பு. வாதாடத் தெம்பில்லை. அப்படியே அனுப்பிவிட்டாள்.

புதிய பதிப்பு வெளியான அன்றே, கணவனைப் போன்றே கண் கொண்ட ஓர் ஆட்டக்காரர் எங்கிருந்தோ எழுதினார். “நன்றி. இப்பதான் ஏழும் பளிச்னு தெரியுது. ஒரே சந்தேகம். மத்ததெல்லாம் பக்கவாட்டுல போகுது, ஏழாவது மட்டும் ஏன் நம்மளப் பார்த்துத் திரும்பியிருக்கு?”

அவள் ஆட்டத்தைத் திறந்து, திரையில் அந்தக் கறுப்பு ஓரத்தை உள்ளங்கையால் மூடினாள்.

“அங்க இல்லம்மா,” என்றான் பின்னால் நின்ற கணவன். “இப்ப நடுவுக்கு வந்துடுச்சு.”