அடுத்தவர் கேட்கும் கேள்வி

மாலை நேர ஆங்கில வகுப்பில் மின்விசிறி கடகடக்கிறது. பலகையில் 'லுக் ஆஃப்டர்'; பக்கத்தில் 'பார்த்துக்கொள்வது'. ஒருவர் வாக்கியம் சொன்னால், அடுத்தவர் அதை வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு அண்ணன் எழுகிறான். "ஐ லுக் ஆஃப்டர் மை மதர்." அடுத்தது தங்கை. அம்மாவின் படுக்கை விரிப்பை மாற்றிப்போட்டுவிட்டு ஓடிவந்தவள். கையில் மருந்து வாடை இன்னும் போகவில்லை. பலகையைப் பார்த்தபடியே நிதானமாகக் கேட்கிறாள்: "வென் டூ யூ லுக் ஆஃப்டர் யுவர் மதர்?" டீச்சர் கைதட்டுகிறார். "அட, தப்பே இல்லாம கேட்டுட்டாங்களே! பதில் சொல்லுங்க சார்." அண்ணன் பேனா மூடியைக் கழற்றுகிறான், மாட்டுகிறான், மறுபடி கழற்றுகிறான். "இங்கிலீஷ்ல சொல்ல வரல டீச்சர்." "பரவால்ல, தமிழ்லயே சொல்லுங்க." மின்விசிறி கடகடக்கிறது.