தரங்கம்பாடிக் காசு

சிங்கராயர் கடைக்குள் நுழைந்தபோது இரண்டு மஞ்சள் பைகளும் கட்டித் தயாராக இருந்தன. கட்டியவர் கடைக்காரர் மூஸா பாய் இல்லை, சாமா.

சிங்கராயருக்குச் சுருக்கென்றது. "பாய் எங்க சார்?"

"ஜும்மாவுக்குப் போயிருக்கார் மாஸ்டர். சும்மா உக்காந்திருப்பானேன்னு நானே நிறுத்துக் கட்டிட்டேன். இந்தாங்கோ, இது உங்களோடது."

சாமா ஒரு பையை எடுத்து அவர் கையிலேயே திணித்தார். மற்றதைத் தன் பக்கத்தில் பெஞ்சுமேல் வைத்துக்கொண்டார்.

இருவரும் தஞ்சாவூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். சாமா கணக்கு வாத்தியார், சிங்கராயர் டிராயிங் மாஸ்டர். கோடையில் காவிரி வறண்டதும் மணல் சலிக்கிறவர்கள் பொறுக்கும் பழைய செப்புக் காசுகள் மூஸாவின் பித்தளைக் கடைக்கு எடைக்கு வரும். அவை உருக்கப் போவதற்கு முன் இவர்கள் ஆளுக்குப் பாதியாக வாங்கிக்கொள்வார்கள்.

கடையில் யாரும் கிளறிப் பார்க்கக் கூடாது. பாய் கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போட்டுக் கட்டுவார். பையை வீட்டில்தான் பிரிக்க வேண்டும். பத்து வருஷமாக இதுதான் ஏற்பாடு.

அந்தப் பத்து வருஷமும் நல்ல காசெல்லாம் சாமாவின் பையில்தான் போய் விழுந்தது. சிங்கராயருக்கு ஓட்டைக் காலணா. நான்கு வருஷத்துக்கு முன்னால் சாமாவுக்கு ஒரு தரங்கம்பாடிக் காசே கிடைத்துவிட்டது. டேனிஷ்காரன் அடித்தது, கிரீடமும் வருஷமும் துளிகூடத் தேயாதது.

அது போலியாக இருக்க வேண்டுமென்று சிங்கராயர் மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார். சாமாவிடம் கேட்டு வாங்கிப்போய் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்தார். பூதக்கண்ணாடியை வைத்து விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தேடினார். வார்த்து எடுத்த கோடு எங்குமே இல்லை, அச்சில் அடித்த அசல் காசு. அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை.

அதே மாதிரி ஒன்றை விலைக்குக் கொடுக்க ஒரு வியாபாரி வந்தபோது, சாமாவை வைத்துக்கொண்டே விரட்டினார். "வெலைக்கு வாங்குறதும் இனாமா வாங்குறதும் ஒண்ணுதான்யா. எம் பையில நானா கண்டெடுத்தாத்தான் அது எங் காசு!"

இன்றைக்குக் கடைசிப் பை. சாமாவின் மகன் விஸ்வாவுக்கு நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் வேலை. வீட்டை விற்றுவிட்டு சாமா மனைவியோடு அங்கேயே போகிறார்; சாயங்காலம் மெட்ராஸுக்குக் கார். சிங்கராயரின் மகன் ஜெரால்ட் இன்னும் துபாய் ஏஜெண்டைப் பார்க்க மூன்று வருஷமாகத் திருச்சிக்கு பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறான்.

போகிற மனுஷர் பாய் இல்லாத நேரமாக வந்து, கிளறி, நல்லதையெல்லாம் தன் பையில் போட்டுக் கட்டிவிட்டார். இல்லாவிட்டால் இந்தப் பையை எதற்கு இவ்வளவு அவசரமாகக் கையில் திணிக்க வேண்டும்? சிங்கராயருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. அமெரிக்காவும் இவருக்கு, காசும் இவருக்கா?

தொழுகை முடிந்து மூஸா வந்தார். "போய்ட்டு வாங்க சார். எங்கள மறந்துடாதீங்க" என்று சாமாவைக் கட்டிக்கொண்டார். இருவருக்கும் கண் கலங்கியது.

அந்த நேரம் பார்த்து, முப்பது வருஷம் பிள்ளைகளின் காதைத் திருகி ஒழுக்கம் சொல்லிக்கொடுத்த கை பெஞ்சில் இருந்த சாமாவின் பையை எடுத்துக்கொண்டு, தன் பையை அங்கே வைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சிங்கராயர் அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு பையைக் கொட்டினார். ஓட்டைக் காலணா, தேய்ந்துபோன துட்டு, நடுவில் ஒரு சட்டைப் பித்தான். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துப் பார்த்தார். நான்கு மணி வரை தேய்த்ததில் விரல் சிவந்ததுதான் மிச்சம்.

"என்னங்க, உங்க சாமா சார் வந்துருக்காரு. கார் நிக்குது" என்று மனைவி ரோஸ்லின் கதவைத் தட்டினாள்.

வாசலில் சாமா நின்றார். அவர் மனைவி விஜயம் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். சிங்கராயர் வாய் திறக்குமுன் சாமா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதே தரங்கம்பாடிக் காசு. கிரீடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சின்ன வெட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சிங்கராயர் அடையாளம் சொல்வார்.

ஊரைவிட்டுப் போகும்போதுகூடக் காட்டி எரியவைக்க வந்திருக்கிறாரே என்று அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் நாலு வருஷமாப் பாத்தாச்சே சார். பெட்டியில வச்சுப் பூட்டி எடுத்துட்டுப் போங்க!"

"பெட்டியில இல்லை மாஸ்டர்." சாமாவின் குரலில் ஒரே குழப்பம். "கிளம்பறச்சே என் பையைப் பிரிச்சேன். அதுல கிடந்தது."

"உங்க காசு உங்க பையில கிடந்தா அதுக்கு நா என்ன பண்றது?"

காரில் ஹாரன் அடித்தது. சாமா காசைப் பார்த்தார், சிங்கராயரைப் பார்த்தார்.

"இதை நான் உங்க பையிலதானே போட்டுக் கட்டினேன்!"