ஆளுயரக் கண்ணாடி

மூன்றாவது மாடிக்குப் போகும் படி வளைவில், ஆளுயரக் கண்ணாடியின் ஒரு முனையைப் பிடித்தபடி மூச்சு வாங்க நின்றாள் அவள். மறுமுனையில் கணவர்.

"நாலு ஆளைக் கூப்பிட்டிருந்தா இந்நேரம் முடிஞ்சிருக்கும். இடுப்பு விட்டுப்போச்சுங்க."

"நீ வேற! அவனுங்க எப்படித் தூக்கி வீசுவானுங்கன்னு உனக்குத் தெரியாது."

"உங்களுக்குத் தெரியுமாக்கும்!"

"தெரிஞ்சுதானே சொல்றேன். பேசாம தூக்கு."

கல்யாணத்துக்குப் பிறகு இது நாலாவது வீடு. ஒரு தடவையாவது நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அதை அங்கே வைங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. சின்ன ஆசைதான். சொன்னாலே அவர் முகம் கோணிவிடும்.

"அம்மா போனப்புறம் எனக்குன்னு மிஞ்சினது இது ஒண்ணுதாங்க. பார்த்து."

"எனக்கே சொல்லித் தர்றியா?" என்று அவர் திரும்பிய வேகத்தில் சட்டம் சுவரில் இடித்தது. கண்ணாடி நடுவில் விரிசல் விட்டது.

அவளுக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவிட்டு எடுத்தார். குரல் தேனாக மாறியது.

"வணக்கம் மேடம்! ஆமாங்க, வீடு மாத்துற கம்பெனிதான். ஓனரே பேசுறேன். ஐயோ, நீங்களே தூக்கிக் கஷ்டப்படாதீங்க! பதினஞ்சு வருஷ அனுபவம். நம்ம பசங்க ஒரு கீறல் விழாம இறக்கிடுவாங்க."

கண்ணாடிக்குள் விரிசலுக்கு இரண்டு பக்கமும் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க சும்மா நாற்காலியில உக்காந்து, எதை எங்க வைக்கணும்னு மட்டும் சொல்லுங்க, போதும்!"