எட்டுப் படத்து ஃபேன்

"நல்லா பாத்துக்கோம்மா. ஃபேன் ஓடுதான்னு உம் புருஷன் வாக்கி டாக்கியில கேட்டான். ஓடுதுன்னு சொல்லித்தான் உட்டோம்" என்று மேனேஜர் அரசப்பன் கம்ப்யூட்டர் திரையைத் தொட்டுக் காட்டினார்.

ஆரோக்கியமேரி பார்த்தாள். ஆசிட் தொட்டியின் படம். அதன் தலைமாட்டில் பச்சை நிறத்தில் ஒரு ஃபேன். நிஜ ஃபேன் தோற்றுப்போகும், அவ்வளவு வழவழப்பாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் புருஷன் சின்னதுரை அந்தத் தொட்டியில் சேறு வார இறங்கி, மூச்சடைத்துச் செத்து நான்கு நாள் ஆகிறது.

விஷக்காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, முகமூடி போடாமல் இறங்கியது அவன் குற்றம் என்று டைப் அடித்த காகிதம் அவள் முன்னால் இருந்தது. கையெழுத்து விழுந்துவிட்டால் பழி செத்தவன் தலையோடு போய்விடும்.

மவுஸைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான் கம்ப்யூட்டர் பையன் ஷாகிர்.

அந்த ஃபேனைச் சுற்ற வைத்தவன் அவன்தான்.

போன வருஷம் அவன் இந்தத் திரையைச் செய்தபோது, மோட்டாரிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரவேண்டிய ஒயர் வந்து சேரவில்லை. ஒயர் இல்லாமல் மோட்டார் ஓடுகிறதா நிற்கிறதா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். வெள்ளிக்கிழமை முதலாளி வராரு, ஓடுற மாதிரி காட்டுப்பா" என்றார் அரசப்பன்.

மூன்று படங்களை மாற்றி மாற்றிக் காட்டினான். ஃபேனுக்கு விக்கல் வந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது பையனுக்கு. எட்டுப் படம் வரைந்தான். இறக்கைக்கு நிழல்கூட வைத்தான். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஒயர் இன்றுவரை வரவில்லை. யார் கேட்டார்கள்? சிப்காட் தொழிற்பேட்டையில் ஓடுகிற சாமானைவிட ஓடுகிற படத்துக்குத்தான் மதிப்பு.

சின்னதுரைகூட ஒருநாள் வந்து பார்த்தான். சட்டைக் காலரைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு திரைக்கு முன்னால் நின்று, "காத்து வருது நைனா!" என்றான். ரூமே சிரித்தது. ஷாகிரும்தான் சிரித்தான், பாவி.

அவன் தொட்டியில் இறங்கிய அன்றைக்குக் கூரைமேல் நிஜ மோட்டார் எப்போது நின்றதோ, அது ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தகடு உருட்டும் ரோலிங் மில் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

ஆரோக்கியமேரி பேனாவை எடுத்தாள்.

கரண்ட் போனது.

அந்த வருஷம் கரண்ட் போவது அதிசயமில்லை. வெளியே மெஷின்கள் ஒவ்வொன்றாக அடங்கின. அவள் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்த ஃபேன் தளர்ந்து நின்றது. யூபிஎஸ் மட்டும் கீச் கீச் என்று கத்த, கம்ப்யூட்டர் விழித்துக்கொண்டிருந்தது.

அவள் தலைக்கு மேலே பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

ஒரே ஒரு அழுத்து, திரையை மூடிவிடலாம். ஷாகிரின் விரல் அசையவில்லை.

"கம்ப்யூட்டருக்கு பேட்டரி கீது, சரி சார். அந்த ஃபேனுக்கும் பேட்டரியா?" என்றாள் ஆரோக்கியமேரி.

அரசப்பன் மவுஸைப் பிடுங்கி, திரையிலிருந்த சிவப்பு 'நிறுத்து' பட்டனை அழுத்தினார். பட்டன் அழகாக உள்ளே அமுங்கி மேலே வந்தது. அந்த அமுங்கலும் ஷாகிரின் கைவேலைதான்.

ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினார். மறுபடி.

"அது நிக்காது சார்" என்றான் ஷாகிர். "ஓடத்தான் சொன்னீங்க. நிக்கறதுக்கு நான் எழுதவே இல்ல."



ஆரோக்கியமேரி பேனாவை மூடிக் காகிதத்தின் மேல் வைத்தாள். "அப்போ அன்னிக்கு அவரு கேட்டப்போ, இத்தப் பாத்துக்கினு ஓடுதுன்னு சொன்னது யாரு தம்பி?"

எல்லாரும் திரையைக் கவனிக்கிற ஆபரேட்டரைத் தேடினார்கள். சின்னதுரை இறங்கிய அன்று, அந்த நேரத்தில், அவர் காலை நாஷ்டாவுக்குப் போயிருந்தார். பத்தே நிமிஷம், பார்த்துக்கோ என்று நாற்காலியை ஒப்படைத்துவிட்டுத்தான் போனார்.

"நான்தான்க்கா" என்றான் ஷாகிர்.

எட்டுப் படத்தையும் வரைந்த கைதான் அன்றைக்கு வாக்கி டாக்கியை எடுத்தது. படம் என்ற நினைப்பே இல்லாமல், சுற்றுகிற ஃபேனை ஒரு பார்வை பார்த்தான். "ஓடுது, எறங்குண்ணா" என்றான்.