வேலையை விட்டவர்

அப்பா வேலையை விட்டதும் பிள்ளைகள் இரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

டி.வி. அப்பாவுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை காமெடி சீரியலில், ஐம்பது வயதில் ஆபீஸுக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்டு அவர் பைக்கில் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளைக்குத்தான் மனுசன் குடும்பத்துக்காகவே ஓடுறது!" மகன் ரஞ்சித்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

மாதவராஜ் இதற்காகத்தான் காத்திருந்தார். வயது நாற்பத்தெட்டு, மில்லில் சூப்பர்வைசர். மொரப்பூர் வெயிலில் ஒரு வாரமாகக் கழற்றாத கறுப்பு லெதர் ஜாக்கெட்டின் ஜிப்பை ஏற்றிவிட்டு, டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

"நானும் வேலைய வுடறேன். பைக்ல ஊர் ஊராப் போயி வீடியோ போடப்போறேன். 'மாதவராஜ் ஆன் வீல்ஸ்'னு சேனல்."

கைதட்டல் வரவில்லை.

"பைத்தியமாப்பா உங்களுக்கு?" என்றான், சற்றுமுன் கண்ணைத் துடைத்தவன். "நான் இன்னும் காலேஜே முடிக்கல."

"பொண்ணு பாக்க வர்றவங்க அப்பா என்ன பண்றாருன்னு கேட்டா, ஜாக்கெட் போட்டுட்டு சுத்தறாருன்னா சொல்றது?" என்றாள் மகள் எழிலரசி.

மனைவி சசிகலா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருடம் பொம்மிடிக்கு ரயிலேறிப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்திய டீச்சர். ஞாயிறு சாயங்காலம் என்றால் அவள் மடியில் விடைத்தாள் கட்டு இருக்கும். கொஞ்ச நாளாக வேர்க்கடலைத் தட்டுதான் இருக்கிறது.

"அட, எதுக்குப் பதறுறீங்க? அதான் உங்கம்மா சம்பளம் வருதில்ல! அவளுக்கென்ன, ஸ்கூலு வுட்டா வூடு, வூடு வுட்டா ஸ்கூலு. ஆசை கீசைன்னு ஒரு தொந்தரவும் கெடையாது."

பிள்ளைகள் யோசித்தார்கள்.

"அம்மா ரிட்டயர் ஆவ இன்னும் பன்னண்டு வருசம் இருக்குடா," என்றாள் எழிலரசி தம்பியிடம்.

"அப்டினா ஓகே. அம்மா பாத்துக்கும்."

தீர்மானம் நிறைவேறியது. அம்மாவை யாரும் கேட்கவில்லை.

சசிகலா தட்டிலிருந்த தோலை ஊதினாள். "லெட்டர் குடுத்துட்டீங்களா?"

"வெள்ளிக்கிழமையே! நாளைக்கு என் சீட்டுல புது ஆளு வந்து உக்கார்றான்." மாதவராஜ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

"திரும்ப வாங்கிக்க முடியாதாங்க?"

"ஏன்? ஒத்தச் சம்பளத்துல குடும்பம் ஓடாதுன்னு பயமா?"

"ஒத்தச் சம்பளம் இருந்தா ஓடுங்க." தட்டைக் கீழே வைத்துவிட்டு சசிகலா கையைத் தட்டிக்கொண்டாள்.

"நான் வேலைய வுட்டு ஒரு மாசமாச்சு."